யூகிக்காதீர்கள், கேளுங்கள்

நான் நடத்தும் பயிற்சிக்கு வந்த ஆசிரியர்களில் என் அக்காவும் ஒருத்தி என்பது எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஜன்னலோர நாற்காலி. மடியில் கைப்பை, அதன் மேல் இரண்டு கையும். சின்ன வயதில் பரீட்சைக்கு உட்காருவது போலவே உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள், பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. பிடிவாதத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

வேறு மதம், வேறு மொழிக்காரர் ஒருவரை நான் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து அக்கா என்னோடு பேசுவதில்லை. அப்பாகூடக் கடைசிக் காலத்தில் கொஞ்சம் இறங்கி வந்தார். இவள் வரவில்லை. இத்தனைக்கும் அம்மா இல்லாத வீட்டில் எனக்குத் தலைவாரிவிட்டுப் பள்ளிக்கு அனுப்பியவள் அவள்தான். திட்டாகவாவது ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வராதா என்று நான் ஏங்காத நாள் இல்லை. என் வேலையோ, ஆசிரியர்கள் மனதில் ஒட்டிக்கொண்டிருக்கும் பாரபட்சத்தை அவர்களுக்கே எடுத்துக் காட்டுவது. ஊருக்கெல்லாம் காட்டிவிட்டேன். அக்காவிடம் மட்டும் என் பாச்சா பலிக்கவில்லை.

காலையில் முதல் பயிற்சி எப்போதும் ஒன்றுதான். நான் முன்னால் நிற்பேன். என்னைப் பற்றி அவர்கள் யூகித்துச் சொல்ல வேண்டும். பிறகு நான் உண்மையைச் சொல்வேன், அவர்கள் அசடு வழிவார்கள். அங்கிருந்து அவர்களுடைய வகுப்புப் பிள்ளைகளுக்குப் போவோம்.

"மேடம் பேசுறதப் பாத்தாலே நல்ல குடும்பம்னு தெரியுது," என்றார் விளையாட்டு ஆசிரியர்.

"கெட்ட குடும்பம் எப்படி சார் பேசும்?"

அவர் தலையைச் சொறிந்தார்.

"வீட்டுக்காரர் பெரிய ஆபீசரா இருப்பாரு." இது அறிவியல் டீச்சர்.

"லாரி மெக்கானிக்," என்றேன்.

முறை சுற்றி ஜன்னலோரம் வந்தது. இருட்டென்றால் எனக்குப் பயம் என்பது வரை அவளுக்குத் தெரியும். எதை வேண்டுமானாலும் சொல்லட்டும், சொன்னால் போதும் என்றிருந்தது.

அக்கா எழுந்து நின்றாள். "எனக்கு இவங்களத் தெரியாது."

கொடுமை என்னவென்றால், அதுதான் சரியான விடை. பார்த்த மாத்திரத்தில் முத்திரை குத்தாமல் 'தெரியாது' என்று சொல்லப் பழகத்தான் இந்தப் பயிற்சியே. மத்தியானம் வரை மல்லுக்கட்டினால்தான் யாராவது ஒருவர் அந்த இடத்துக்கு வந்து சேருவார். இவள் எடுத்த எடுப்பிலேயே வந்துவிட்டாள். நான் பாராட்டியாக வேண்டும்.

"ரொம்பச் சரி," என்றேன். "அந்தத் தெருப் பிள்ளைங்கன்னா இப்படித்தான்னு சொல்றதுக்கு முன்னாடி, நாமளும் தெரியாதுன்னு சொல்லிப் பழகணும். ஆனா அதோட உக்காந்துடக் கூடாது. தெரியலன்னா கேக்கணும். கேளுங்க, டீச்சர்."

வழக்கமாகச் சொல்கிற வரிதான். அன்றைக்கு அது கெஞ்சலாக வந்தது.

அக்கா உட்காரப் பார்த்தாள். "கேளுங்க, மேடம் சொல்றாங்கல்ல," என்று அறிவியல் டீச்சர் அவளை முழங்கையால் இடித்தாள்.

"பிள்ளைங்க இருக்கா?" கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள் அக்கா.

"ஒரு பொண்ணு."

"யார் ஜாடை?"

"பெரியம்மா ஜாடை."

அவள் கை தன்னையறியாமல் மூக்குக்குப் போயிற்று. அது அப்பாவின் மூக்கு, முகத்தில் பாதியை வளைத்துப் போட்ட மூக்கு. நான் தப்பித்தேன், அவளுக்கு வாய்த்தது. பள்ளியில் கிண்டல் செய்ததற்கு வீட்டுக்கு வந்து என்னிடம்தான் அழுவாள்.

"அப்ப மூக்கு பெருசா இருக்குமே," என்றாள். "பாவம்."

விளையாட்டு ஆசிரியர் உஷாரானார். "டீச்சர், இது யூகம். யூகிக்கக் கூடாதுன்னு மேடம் இப்பத்தானே சொன்னாங்க."

"யூகம் இல்ல சார்," என்றேன். "அவங்களுக்குத் தெரியும்."

நேரமாகாமலேயே டீ இடைவேளை விட்டேன்.

அன்று முழுக்க அக்கா வேறு எதுவும் பேசவில்லை. குழுவில் உட்கார்ந்து கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்தாள். சாயங்காலம் எல்லோரும் வேனில் ஏறிய பிறகு, வழியனுப்புகிற சாக்கில் அவள் ஜன்னலுக்குக் கீழே போய் நின்றேன். நேரே முன்சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி உறுமியதும் திரும்பாமலே சொன்னாள்.

"மூக்கச் சொல்லி அவளை யாராவது கிண்டல் பண்ணா எனக்குச் சொல்லு."

வண்டி நகர்ந்துவிட்டது. எங்கே சொல்வது? அவள் நம்பர் என்னிடம் இல்லை. வருகைப் பதிவில் இருக்கும்தான், ஆனால் நம்பரை அவளே சொல்லி நான் வாங்க வேண்டும். நாள் முழுக்க ஊரையே 'கேளுங்க, கேளுங்க' என்று விரட்டியவள், அந்த ஒன்றைக் கேட்கத் தோன்றாமல் வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.