மெயினை அணைத்த பிறகும்

பஸ் டிரைவருக்கு அன்று விடுப்பு. மழை விட்ட மதியத்தில், பாதி முகம் சோப்பு நுரையோடு சவரம் செய்துகொண்டிருந்தவருக்குப் பின்பக்கம் வாளி உருளும் சத்தம் கேட்டது.

"என்னத்தடி கவுத்த?"

பதில் இல்லை. அவர் மனைவி தையல்காரி. ஒன்று கேட்டால் நாலு சொல்கிறவள். சவரக் கத்தியைக் கீழே போட்டார். ஓடினார்.

தெருக் கம்பத்திலிருந்து வரும் ஒயர், பின்சுவரில் ஓர் இரும்புக் குழாய்க்குள் இறங்கி மீட்டருக்குப் போகும். அந்தக் குழாயை அவள் வலது கையால் இறுகப் பிடித்திருந்தாள். தோளில் ஈரப் போர்வை. பல் கிட்டியிருந்தது. கண் மட்டும் அவரையே பார்த்தது.

"டேய், மெயினை ஆஃப் பண்ணு!"

கூடத்திலிருந்த மச்சினன் பாய்ந்தான். ஃபேன் நின்றது. ரேடியோ பாதி வார்த்தையில் அடங்கியது.

"பண்ணிட்டேன் மாமா!"

அதை நம்பித்தான் அவள் தோளைப் பிடித்தார். அடுத்த நொடி எதிர்ச்சுவரோரம் உட்கார்ந்திருந்தார். கை தோளோடு மரத்துப்போயிருந்தது. வீட்டில் ஒரு விளக்குகூட எரியவில்லை. அவள் இன்னும் குழாயோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"ஆஃப் பண்ணினியா இல்லையாடா?"

"சத்தியமா மாமா!"

யோசிக்க நேரமில்லை. காய்ந்த பிளாஸ்டிக் ஸ்டூலைத் தூக்கி அதன் காலால் அவள் மணிக்கட்டை ஓங்கித் தள்ளினார். கை விடுபட்டது. அவள் துணிமூட்டை மாதிரி சரிந்தாள். மூச்சு இல்லை. டிரைவர் வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு ரப்பர் பொம்மையின் நெஞ்சை அழுத்தப் பழக்கியிருந்தார்கள். அன்று எல்லோரும் சிரித்தார்கள். இப்போது அவர் அதே கையால் மனைவியின் நெஞ்சை அழுத்தினார். "வாடி... வந்துடுடி..." மச்சினன் கூப்பிட்ட ஆம்புலன்ஸின் சத்தம் கேட்கும்போது அவள் இருமினாள்.

பிழைத்துவிட்டாள். உள்ளங்கையில் மட்டும் ஆழமான தீப்புண்.

மறுநாள் லைன்மேன் கம்பத்திலேயே ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுக் குழாயைக் கழற்றினார். மேல்வாயில் கூரான விளிம்பு உரசி உரசி ஒயரின் தோல் கிழிந்திருந்தது.

"உங்க மெயின் மீட்டருக்கு அப்புறம்தான் இருக்கு. இது அதுக்கு முன்னாடி. நீங்க எதை அணைச்சாலும் இதுல கரண்ட் இருக்கும்."

"எர்த் போட்டிருக்கே அண்ணே! அதோ, மண்ணுல அடிச்ச கம்பி. குழாயோடதானே கட்டியிருக்கு?"

"கட்டியிருக்கு. ஆனா மண்ணு வழியா கொஞ்சம் கரண்ட்தான் திரும்பும். கம்பத்து ஃபியூஸ் எரிய அது பத்தாது. குழாயை, கரண்ட் திரும்பிப் போற நியூட்ரல் லைனோட தடிமனான ஒயரால இணைச்சிருந்தா, தோல் கிழிஞ்ச நிமிஷமே ஃபியூஸ் வெடிச்சிருக்கும். அதைத்தான் விட்டுட்டாங்க."

டிரைவர் அந்தக் கம்பியைப் பார்த்தார். எது காப்பாற்றும் என்று இத்தனை வருஷம் நிம்மதியாக இருந்தாரோ, அது சும்மா நின்றுகொண்டிருந்திருக்கிறது.

"இந்த வரிசை முழுக்க ஒரே ஆளுங்கதானே குழாய் போட்டாங்க?" என்றார் லைன்மேன். அடுத்த மூன்று வீட்டிலும் டெஸ்டர் எரியவில்லை. ஆனால் இணைப்பு ஒயர் எதிலும் இல்லை. நாலாவது வீட்டில் டெஸ்டரைக் குழாயில் வைத்தார். சிவப்பாக எரிந்தது.

"யாரும் கிட்ட வராதீங்க!" என்று கத்தினார்.

அந்த வீட்டுக்காரி குழந்தையை இடுப்பில் வைத்தபடி வாசலில் நின்றாள். "அதுவா? மழை பெஞ்சா லேசா சுர்ருனு இழுக்கும். எங்களுக்குப் பழகிப்போச்சு."

டிரைவர் அவளையே பார்த்தார். பிறகு குழந்தையை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு, தெருவின் மறுபக்கம் போய் நின்றார்.