தண்ணீர் கலந்த சாம்பிள்

பரிசோதனைக்கூடத்தில் எல்லோரும் அவளை 'ஒரே குத்து' என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாக ரத்தம் எடுக்கிறாள்; ஒரே ஆளை இரண்டாவது முறை குத்தியதாகப் புகாரே வந்ததில்லை. அன்று காலை ஐந்தாம் வார்டில் அவள் முன் படுத்திருந்தது அவளுடைய நாத்தனார்.

நாத்தனாருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலை. நாள் முழுக்க அடுத்தவருக்கு உத்தரவு போட்டே பழகிய வாய். வைரஸ் காய்ச்சல் நெஞ்சுக்கு இறங்கி, வாந்தியும் சேர்ந்து துவண்டுபோனதால், முந்தின நாள்தான் சேர்த்திருந்தார்கள். இடது முன்கையில் உப்புநீர் சொட்டுச் சொட்டாக ஏறிக்கொண்டிருந்தது. காய்ச்சல் தணிந்ததும் வீட்டுக்குப் போயே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். வீடு ஒரு மணி நேரத் தொலைவில், நாலாவது மாடியில் இருந்தது. துணைக்கு ஆளில்லை.

ரத்தம் எடுக்கும்போதும் நாத்தனாரின் கதை ஓடியது. புதிதாகக் கார் கற்கச் சேர்ந்த ஒரு வங்கி மேலாளர், திரும்பும்போதெல்லாம் விளக்குக்குப் பதில் வைப்பரைப் போட்டுவிட்டு, அந்த வைப்பரிடமே மன்னிப்புக் கேட்கிறாராம். வலது கையால் ஸ்டியரிங்கைச் சுழற்றி அவரை நடித்துக் காட்டினாள். ஒரே குத்துக்குச் சிரிப்பில் கண்ணீர் வந்துவிட்டது. சும்மா கிடந்த இடது கையைப் பிடித்தாள், முழங்கை மடிப்பில் ஊசியை ஏற்றினாள், வழக்கம்போல ஒரே குத்து. முன்கையை மூடிய போர்வைக்கடியில் ஓடிய குழாய் அவள் கண்ணில் படவில்லை.

உடம்பில் அழற்சி மூண்டால் கல்லீரல் ஒரு புரதத்தை அள்ளி ரத்தத்தில் விடும். அதன் பெயர் சி.ஆர்.பி. ஒரு நாளில் அது எவ்வளவு என்பதைவிட, ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் பேச்சு. ஏறிக்கொண்டே போனால், ஆள் எழுந்து உட்கார்ந்து சிரித்தாலும், நுரையீரலுக்குள் காரியம் முற்றுகிறது என்று சந்தேகப்படலாம். நேற்று ஐம்பத்தொன்று, இன்று நாற்பத்திரண்டு. வார்டு டாக்டர் தன் திரையில் அதைப் பார்த்தார், நுரையீரல் கொஞ்சம் தெளிவதாக எடுத்துக்கொண்டார், மதியம் கிளம்பலாம் என்று சொல்லிவிட்டார்.

ரத்த அணுக்களை எண்ணும் இயந்திரத்தை அன்று காலை கழுவிக்கொண்டிருந்தார்கள். அதனால் அந்த முடிவு பிந்தி வந்தது. நேற்று பதின்மூன்றரையாக இருந்த ஹீமோகுளோபின் ஒன்பதரைக்கு வந்திருந்தது. ஒரே இரவில் அவ்வளவு ரத்தம் போயிருந்தால் நாத்தனார் வங்கி மேலாளரை நடித்துக் காட்டியிருக்க மாட்டாள். தட்டணுக்களும் அதே கணக்கில் குறைந்திருந்தன. எல்லாம் ஒன்றுபோலக் குறைந்தால் அது நோயில்லை, தண்ணீர். ஒரே குத்துக்குப் போர்வை ஞாபகம் வந்தது. ட்ரிப் போகும் கையில் ரத்தம் எடுக்காதே என்று நர்ஸ்களுக்காகச் சுவரில் எழுதி ஒட்டியதே அவள்தான்.

தண்ணீரால் கெடாத எண் ஒன்று மட்டும் இருந்தது, ஒரு விகிதம். வெள்ளணுக்களில் நியூட்ரோஃபில் அவசரத்துக்கு ஓடிவரும் கூட்டம். லிம்ஃபோசைட் வைரஸை அடையாளம் கண்டு மடக்கும் கூட்டம். நோய் முற்றும்போது முதல் கூட்டம் பெருகும், இரண்டாவது மெலியும். நேற்று ஒரு லிம்ஃபோசைட்டுக்கு நாலு நியூட்ரோஃபில். இன்று ஏழு.

யாருக்கும் தெரியாமல் இன்னொரு சாம்பிள் எடுத்துவிடலாம் என்று ஒரு நிமிடம் தோன்றத்தான் செய்தது. ஆனால் நாத்தனார் அதற்குள் ஆட்டோ ஏறிவிடுவாள். போனை எடுத்தாள்.

"டாக்டர், அஞ்சாம் வார்டு சாம்பிள் செல்லாது. ட்ரிப் போற கையில எடுத்தாச்சு."

"யார் எடுத்தது?"

"நான்தான்."

"நீங்களா? சரி, வேற கையில எடுங்க. அதுவரைக்கும் உங்க நாத்தனார் செருப்பை ஒளிச்சு வைக்கச் சொல்றேன்."

நாத்தனார் உடை மாற்றி, பையை மடியில் வைத்துக்கொண்டு, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் முகம் சுருங்கியது. "பேரு ஒரே குத்து. இது எத்தனாவது?"

"ரெண்டாவது, அண்ணி. திட்டுறதை அப்புறமா திட்டுங்க, கையைக் கொடுங்க."

ஊசி இறங்கும்போதே விளக்கவும் ஆரம்பித்துவிட்டாள், அது அவள் சுபாவம். சாலையை அகலப்படுத்தினால் வண்டிகள் குறைந்ததுபோலத் தெரியும். ஆனால் ஒரு காருக்கு ஏழு லாரி என்ற கணக்கு மாறாது. உங்கள் ரத்தத்தில் லாரிகள் பெருகிவிட்டன, அண்ணி. நாத்தனாருக்கு அது சட்டென்று விளங்கியது, விளங்கியதை ஒப்புக்கொள்ளத்தான் மனமில்லை. எனக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன், நீ ஜோசியம் பார்க்கிறாயா என்று மூச்சுவிடாமல் பொரிந்தாள்.

முக்கால் மணி நேரத்தில் முடிவு வந்தது. ஹீமோகுளோபின் ஏறக்குறைய பழையபடி, பதின்மூன்று. சி.ஆர்.பி. எழுபத்திரண்டு. டாக்டரே வார்டுக்கு வந்து, இது தீர்ப்பில்லை என்று பொறுமையாகச் சொன்னார். இப்படி எண் வந்தவர்களில் பலர் தாமாகவே தேறிவிடுவார்கள், சிலருக்கு முற்றும். யாருக்கு என்று எந்த எண்ணும் சொல்லாது. பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லும்.

"நாலு மாடி, அண்ணி. மூச்சு வாங்கினா யாரைக் கூப்பிடுவீங்க?"

"போன்ல உன்னைத்தான் கூப்பிடுவேன்."

"கூப்பிட்டு? மூச்சு இருந்தாத்தானே பேச்சு வரும்."

பேச்சு வராத ஒரு நிலைமையை நாத்தனார் அதுவரை யோசித்ததே இல்லை போலும். பையை மடியிலிருந்து இறக்கிக் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

மறுநாள் ஒன்றும் நடக்கவில்லை. வீண் வேலை என்று அன்று முழுக்க ஒரே குத்துக்கு நாத்தனாரிடம் ஏச்சு விழுந்தது. அதற்கடுத்த நாள் மதியம், பக்கத்துக் கட்டில்காரரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்த நாத்தனார் பாதி வாக்கியத்தில் நின்றாள். விரலில் மாட்டிய கருவி ரத்தத்தில் ஆக்ஸிஜன் எண்பத்தொன்பதுக்கு இறங்கியதாகக் காட்டியது. அடுத்த நிமிடமே நர்ஸ் ஆக்ஸிஜன் குழாயை மூக்கில் பொருத்தினாள்.

ஒரே குத்து வந்து சேர்ந்தபோது எண் தொண்ணூற்றிரண்டு. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொண்ணூற்று மூன்று. தொண்ணூற்றைந்து. நாத்தனாரின் தோள்கள் தளர்ந்து தலையணையில் சாய்ந்தன. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஒரே குத்து தலையசைத்துத் தடுத்தாள். நாத்தனாரின் வலது கை போர்வைக்கு மேலாக நகர்ந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. பரிசோதனைக்கூடத்தில் வேலை குவிந்து கிடந்தது. அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.