நாலு கதிரையும் திரும்பிய கதை

சச்சிதானந்தனுக்குப் பின்லாந்தில் ஒரு தம்பி இருப்பது மெல்பேர்ன் தமிழர் எந்தப் பிறவியிலோ செய்த பாவம் என்று ரதி நினைத்தாள். போன வருடம் தம்பி வீட்டுக்குப் போன மனிதர் பனியைப் பார்த்துவிட்டுச் சும்மா வந்திருக்கலாம். அங்கே தொலைக்காட்சியில் ஓடிய பாட்டுப் போட்டியையும் பார்த்துவிட்டு வந்தார். பிரபலமான பாடகர்கள் நாலு பேர் பயிற்சியாளர்களாக மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களாம். பாடுகிறவர் யார் எவர் என்று அவர்களுக்குத் தெரியாதாம். குரல் பிடித்தால் பொத்தானை அமத்துவார்களாம், கதிரை சுழன்று திரும்புமாம், பாடியவர் அவருடைய அணியில் சேர்ந்துவிடுவாராம்.

"பாசை ஒரு சொல்லும் விளங்கேல்லை. ஆனா அதில இருந்த நீதி விளங்கிச்சுது" என்று தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் சச்சிதானந்தன் தழுதழுத்தார். அதே மாதிரிப் போட்டி ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியிலும் நடக்கிறது. ஆனால் அவர் வீட்டில் இந்தியச் சீரியல் ஓடாத நேரம் தொலைக்காட்சி ஓடாது. நீதியைப் பார்க்க அவர் பின்லாந்துக்குப் போகவேண்டி இருந்தது.

இப்படித்தான் 'காணாக் குரல்' பிறந்தது. கிரெய்கிபர்னில் ஒரு சமூக மண்டபம், சனிக்கிழமை பின்னேரம் இரண்டு மணி. தமிழ் இரண்டு மணி என்றால் மூன்றே கால். யாரோ ஒருவரின் அலுவலகத்திலிருந்து நாலு சுழல் கதிரைகள் வந்தன. பொத்தானுக்குப் பதிலாக, வயர் இல்லாத நாலு வாசல் மணிகள். அமத்தினால் 'டிங் டொங்' என்று கேட்கும். பிறகு பயிற்சியாளர் காலை நிலத்தில் ஊன்றித் தானே உந்தித் திரும்பவேண்டும்.

ரதிக்கு இவற்றில் எதுவும் புதிதில்லை. சங்கத்தின் கூத்துகளைப் பத்து வருடமாகப் பார்த்து, பத்து வருடமாக மனதுக்குள் காறித் துப்பிக்கொண்டிருப்பவள் அவள். இந்தமுறை மட்டும் சிரிக்க முடியாமல் இருந்தது. காரணம், பதினோராம் இலக்கத்தில் பாடப்போவது அவளுடைய கணவன் அருந்தவன்.

அருந்தவன் இலங்கையிலிருந்து அகதியாகப் படகில் வந்தவன். வந்து பதின்மூன்று வருடமாகிவிட்டது. களஞ்சியமொன்றில் பெட்டி தூக்கி அடுக்கும் போர்க்லிப்ட் ஓட்டுகிறான், வீடு வாங்கியிருக்கிறான், வரி கட்டுகிறான். ஆனால் மேடையில் ஏறினால் அவன் இன்னும் படகிலிருந்து இறங்கவில்லை. பொங்கல் விழாவோ ஆண்டு விழாவோ, எதில் பாடினாலும் சச்சிதானந்தன் முன்னால் வந்து நின்று, பின்னணியில் புல்லாங்குழலை அழவிட்டு, "கடலோடு போராடி வந்த எங்கட சகோதரம்" என்று தொடங்குவார். பாட்டும் அவர்களே தெரிவு செய்வார்கள். அழுகிற பாட்டு. போன வருடம் 'த பேசின்' என்ற இடத்துப் பிள்ளையார் கோயிலில் பாடிவிட்டு இறங்கியபோது ஒரு அன்ரி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, ஒரு பையை அவன் கையில் திணித்தார். உள்ளே அவருடைய மகன் போட்டுக் கழித்த குளிர்ச்சட்டை. கழுத்துப் பட்டியில் அந்தப் பிள்ளையின் பெயர்கூட இருந்தது.

அருந்தவன் நன்றி சொல்லி அதை வீட்டுக்குக் கொண்டுவந்தான். இந்தப் போட்டியின் அறிவித்தல் வந்தபோதுதான் மனதில் இருந்ததைச் சொன்னான். "ரதி, இதில ஆரெண்டு தெரியாதாம். நம்பர் மட்டும்தானாம். ஒருக்கா, ஒரேயொருக்கா, என்ர குரலை மட்டும் கேக்கட்டும்." ஆறு வாரம் கராஜுக்குள் நின்று பயிற்சி செய்தான். அழுகிற பாட்டில்லை. துள்ளலான ஒரு பழைய காதல் பாட்டு.

பயிற்சியாளர்களின் பிரபலத்தையும் சொல்லத்தான் வேண்டும். முதல் கதிரையில் மனோரமா, மெல்பேர்னின் பாதிப் பிள்ளைகளுக்குப் பாட்டு ரீச்சர். போட்டியாளர்களில் ஐந்து பேர் அவருடைய மாணவர்கள். இரண்டாவதில் டொக்டர் தேவராஜா, பல் வைத்தியர். தன்னுடைய ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் தானே பாடிப் பிரபலமானவர். மூன்றாவதில் வானொலி அறிவிப்பாளர் ஒருவர். மரண அறிவித்தல் வாசிப்பதில் அவரை அடிக்க ஆளில்லை. நாலாவதுதான் விளம்பரத்தில் பெரிதாகப் போட்ட முகம்: 'பின்லாந்துத் தொலைக்காட்சிப் புகழ் துஷாந்த்'. சச்சிதானந்தனின் தம்பி மகன், இருபத்திநாலு வயது. அந்தப் பின்லாந்துப் போட்டியிலேயே பாடியவன். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை.

ரதி முதல் நாளே அந்தக் காணொளியைத் தேடிப் பிடித்துப் பார்த்திருந்தாள். துஷாந்த் முழுப் பாட்டையும் பாடினான். நாலு கதிரையில் ஒன்றும் அசையவில்லை. முடிந்த பிறகுதான் நாலு பேரும் திரும்பி ஏதோ நீளமாகச் சொன்னார்கள், அவன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். இதுதான் புகழ். மெல்பேர்னில் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை, பார்த்தாலும் பின்லாந்து மொழி விளங்கப் போவதில்லை என்ற துணிவு. ரதிக்குச் சிரிப்பும் வந்தது, பற்றியும் எரிந்தது.

சச்சிதானந்தன் ஒலிவாங்கியைப் பிடித்தார். "இஞ்ச பேர் இல்லை, ஊர் இல்லை. குரல் மட்டும்தான்! முதலாம் நம்பர் வரவும்." ஒரு சின்னப் பெண் பட்டுப் பாவாடையோடு வந்து நின்றாள். ரதி ஒரு நொடி நம்பினாள்.

"பாடுறதுக்கு முதல் பிள்ளையைப் பற்றி ரெண்டு வார்த்தை" என்றார் சச்சிதானந்தன்.

அவ்வளவுதான். தகப்பன் பெயர் வந்தது, தாயின் உத்தியோகம் வந்தது, இரு பக்கத்து ஊர்களும் வந்தன. பிள்ளை வாங்கிய கிண்ணங்கள் வந்தன. கடைசியாக, "சங்கீத ஆசான் மனோரமா அவர்களின் அன்பு மாணவி" என்பதும் வந்தது. பிள்ளை வாயைத் திறந்து இரண்டாவது வரிக்குப் போகமுதலே முதல் கதிரையில் டிங் டொங். மனோரமா புடவையை அள்ளிக்கொண்டு உந்தித் திரும்பினார். முகத்தில் என்ன ஆச்சரியம்! முன்பின் காணாத பிள்ளையைக் கண்டதுபோல நெஞ்சில் கைவைத்தார்.

அதன்பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. டொக்டரின் மைத்துனர் மகளுக்கு டொக்டர் திரும்பினார். மண்டபத்துக்கு ஒலி அமைப்புக் கொடுத்தவரின் மகனுக்கு மூன்று கதிரை திரும்பியது. ஆறாம் இலக்கத்தில் ஒரு பெண் கண்ணாடி மாதிரிக் குரலோடு பாடினாள். பாவம், மனோரமாவோடு பேச்சுவார்த்தை இல்லாத வேறொரு ரீச்சரின் மாணவி என்று அறிமுகத்தில் வந்துவிட்டது. மனோரமாவின் கதிரைக்குத் துருப்பிடித்துவிட்டது. துஷாந்த் மட்டும் திரும்பினான். இது சூழ்ச்சி என்றால்கூட ரதி மன்னித்திருப்பாள். சூழ்ச்சிக்குக் கொஞ்சம் மூளை வேண்டும். இவர்களுக்கு அறிமுகம் செய்யாமல் ஒருவரை மேடையில் விடத் தெரியாது. கண்ணைக் கட்டிக்கொண்டு, காதுக்குள் சாதகத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்கிற கூட்டம்.

இடைவேளையில் எல்லோரும் ரோல்ஸும் தேத்தண்ணியுமாய் நின்றபோது அவள் சச்சிதானந்தனைப் பிடித்தாள்.

"அண்ணை, இவர் பதினோராம் நம்பர். நம்பரை மட்டும் சொல்லுங்கோ. பேர் வேண்டாம்."

"அதென்ன தங்கச்சி, அறிமுகம் இல்லாமல் ஒராளை மேடையில ஏத்துறதே? மரியாதை இல்லையே!"

"அவர்தான் கேட்டவர். இதுக்காகத்தான் பாட வந்தவர். பிளீஸ் அண்ணை."

சச்சிதானந்தன் அவளுடைய தோளில் தட்டினார். "சரி, சரி. பேர் சொல்லமாட்டன். சத்தியமா."

பக்கத்தில் துஷாந்த் ரோல்ஸ் கடித்துக்கொண்டு நின்றான். ரதிக்கு நாக்குச் சும்மா இருக்கவில்லை.

"தம்பி, உங்களுக்குப் பின்லாந்தில ஒருத்தரும் திரும்பேல்லையாமே?"

அவன் குழம்பவில்லை. "ஓம் அக்கா, ஒருத்தரும் இல்லை. பெரியப்பா அதைக் கேக்கேல்லை. கேட்டிருந்தா சொல்லியிருப்பன்."

"பிறகு நீளமா என்னவோ சொல்லிச்சினம்?"

"எங்க பிழை விட்டனான் எண்டு சொன்னவை. ஒவ்வொண்டா. சின்னனில இருந்து எல்லாரும் எனக்குச் சூப்பர் சூப்பர் எண்டுதான் சொன்னவை. அண்டைக்குத்தான் என்ர பாட்டை ஆரோ கேட்ட மாதிரி இருந்துது."

ரதி அதைப் பெரிதாக எடுக்கவில்லை. தோற்றவன் சொல்கிற சமாதானம் என்று நினைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

பதினோராம் இலக்கம் வந்தது. அருந்தவன் கறுப்புச் சேர்ட் போட்டு, தலையை வழித்து வாரி, மேடையின் நடுவில் நின்றான். நாலு முதுகையும் பார்த்து இலேசாகச் சிரித்தான். சச்சிதானந்தன் ரதியைப் பார்த்துத் தலையசைத்தார்.

"இவரின்ர பேர் நான் சொல்லமாட்டன். சொல்லக்கூடாது எண்டு கேட்டிருக்கினம். அந்தத் தன்னடக்கத்தைப் பாருங்கோ. பேரில என்ன இருக்கு? பதினெட்டு நாள், அன்பான உறவுகளே! பதினெட்டு நாள் குடிக்கத் தண்ணி இல்லாமல், ஒரு சின்னப் படகில…"

புல்லாங்குழல் அழத் தொடங்கியது.

டிங் டொங். டிங் டொங். டிங் டொங். மூன்று கதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பின. கடைசி ஆளாக, எல்லோரும் திரும்புவதைக் கண்டு தடுமாறி, துஷாந்தும் அமத்திவிட்டான். அன்றைக்கு நாலு கதிரையும் திரும்பியது இவன் ஒருவனுக்குத்தான். சபை எழுந்து நின்று கைதட்டியது. தேவராஜா கைக்குட்டையால் கண்ணை ஒற்றினார். அருந்தவன் இன்னும் வாயே திறக்கவில்லை.

ரதி அவனைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விடவேண்டும் என்று எழும்பினாள். அதற்குள் அவன் ஒலிவாங்கியை நிலத்தில் வைத்துவிட்டு மேடையை விட்டு இறங்கிவிட்டான். நேரே மனோரமாவிடம் போனான்.

"ரீச்சர், திரும்புங்கோ."

"பரவாயில்லைத் தம்பி, நாங்கள் உங்களை எடுத்திட்டம்."

"எதை எடுத்தனீங்கள்? நான் இன்னும் பாடேல்லையே."

கதிரையின் முதுகைப் பிடித்து, மனோரமாவையும் அவருடைய காஞ்சிபுரத்தையும் சேர்த்து, மெதுவாகச் சுழற்றி மற்றப் பக்கம் விட்டான். பிறகு தேவராஜாவை. பிறகு வானொலிக்காரரை. களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறவனின் பொறுமையோடு செய்தான். துஷாந்த் அவன் வரமுன்பே தானாகத் திரும்பிக்கொண்டான். சபை கைதட்டுவதா இருப்பதா என்று தெரியாமல் ஒவ்வொருவராக உட்கார்ந்தது. அவன் திரும்ப மேடையில் ஏறி ஒலிவாங்கியை எடுத்தான். "புல்லாங்குழலை நிப்பாட்டுங்கோ" என்றான். அது நின்றது.

அவன் பாடினான். பல்லவி நன்றாகவே வந்தது, துள்ளலும் இருந்தது. ரதி நகத்தைக் கடித்துக்கொண்டு முதுகுகளைப் பார்த்தாள். அனுபல்லவியில் தேவராஜாவின் கை மணிக்குக் கிட்டப் போய்த் திரும்பியது. சரணம் வந்தது. மூன்றாவது வரியில் மேலே ஏறவேண்டிய இடத்தில் மூச்சுப் போதவில்லை. குரல் பிசிறி, சுருதியை விட்டுக் கீழே வந்தது. அவன் சமாளித்துப் பாடி முடித்தான். ஒரு மணியும் அடிக்கவில்லை.

சச்சிதானந்தன் பதறிக்கொண்டு ஓடி வந்தார். "எங்கட பயிற்சியாளர்கள் கொஞ்சம் யோசிக்கினம் போல. டொக்டர்…" தேவராஜாவின் விரல் மணியைத் தேடியது.

"வேண்டாம் அங்கிள்" என்றான் துஷாந்த். அவன் மட்டும் திரும்பி அருந்தவனைப் பார்த்தான். "அண்ணா, பல்லவி நல்லாயிருந்துது. சரணத்தில மேல போகேக்க சுருதி விட்டிட்டுது. அதுக்கு முதல் வரியிலயே மூச்செடுத்திருக்க வேணும். அதாலதான் நான் அமத்தேல்லை."

சபை 'ச்சூ' கொட்டியது. பட்டவனுக்கு இப்படிச் சொல்லலாமா என்று குளிர்ச்சட்டை அன்ரி வாய்விட்டே கேட்டார். அருந்தவன் துஷாந்தை உற்றுப் பார்த்து, "மூண்டாவது வரி, என்ன?" என்றான். "ஓம், மூண்டாவது." அவன் கைகூப்பிவிட்டு இறங்கினான்.

காருக்குள் ஏறியதும் ரதி வெடித்தாள். "வெக்கம் கெட்ட கூட்டம். முதல் பிச்சை போடுதுகள், பிறகு பறிக்குதுகள். இனி இந்தப் பக்கம் தலை வச்சும் படுக்கக்கூடாது." அருந்தவன் ஓட்டிக்கொண்டிருந்தான். முகத்தில் துக்கம் இருக்கும் என்று பார்த்தாள். இல்லை. வாய்க்குள் அந்தச் சரணத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

"ரதி, அந்த இடத்தில நான் சுருதி விடுறது உமக்கு முந்தியே தெரியுமே?"

அவள் வெளியே பார்த்தாள். ஆறு வாரம் கராஜுக்குள் அந்த இடத்தில் அவன் விட்டதை அவள் ஒவ்வொரு நாளும் குசினிக்குள் நின்று கேட்டாள். ஒவ்வொரு நாளும் தேத்தண்ணியைக் கொண்டுபோய்க் கொடுத்து, "நல்லாயிருக்கு" என்றாள். பாவம், எவ்வளவு பட்டவன், இதையாவது சந்தோசமாகச் செய்யட்டும் என்று.

"ஓம்" என்றாள். "தெரியும்."

"எத்தினை நாளா?"

"கலியாணம் கட்டின நாளில இருந்து. எந்தப் பாட்டெண்டாலும் மேல போகேக்க விடுவியள்."

சிவப்பு விளக்கு விழுந்தது. அவன் காரை நிறுத்தினான்.

"அப்ப நீரும் பாட்டைக் கேக்காமல்தான் திரும்பியிருக்கிறீர்" என்றான்.

கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் சண்டை பிடித்திருப்பாள். அவன் சும்மா, மணி என்ன என்று கேட்பதுபோலச் சொன்னான். பத்து வருடமாக அந்த மண்டபத்தின் மேல் துப்பிய அவ்வளவும் தன் மடியில் வந்து விழுந்ததுபோல அவளுக்கு இருந்தது. சச்சிதானந்தனாவது வருடத்துக்கு நாலு தரம்தான் அவனைப் படகில் ஏற்றுகிறார்.

விளக்கு இன்னும் சிவப்பு. அருந்தவன் இரண்டாவது வரியிலேயே நெஞ்சு நிறைய மூச்செடுத்து, சரணத்தைப் பாடினான். மூன்றாவது வரி ஏறியது, ஏறி, கடைசியில் கொஞ்சம் வழுக்கியது. பாட்டை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான்.

'நல்லாயிருக்கு' என்ற சொல் பழக்கதோசத்தில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ரதி அதை விழுங்கினாள்.

"விட்டிட்டுது" என்றாள். "திரும்பப் பாடுங்கோ."