கோழிகளுக்குப் போக வேண்டிய பஸ்

என் அக்காவின் கணவருக்கு லாரிகள் உண்டு, கோழிகள் உண்டு, எதைச் சாப்பிட்டாலும் வலது பக்கமாகவே மெல்லும் வழக்கமும் உண்டு. இடது கடைவாய்ப் பல்லில் சொத்தை என்பது அவரைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கொழுந்தியாள் பல் டாக்டராக இருந்தும் அத்தான் ஒரு நாள்கூட என் முன்னால் வாயைத் திறந்து காட்டியதில்லை. கிண்டல் பேச மட்டும் தாராளமாகத் திறப்பார். அப்படித் திறந்த ஒரு நாளில்தான் இந்த பஸ் விவகாரம் ஆரம்பித்தது.

என் கிளினிக் இருந்த கட்டிடத்தை இடிக்கப் போவதாக உரிமையாளர் சொல்லிவிட்டார். வேறு இடம் எதுவும் அமையவில்லை. கல்லூரியில் என் நோட்ஸை வாங்கிப் படித்துத் தேறிய ஒருத்தி இப்போது பெரிய ஆஸ்பத்திரி வைத்திருக்கிறாள். அங்கே சம்பளத்துக்கு வரச் சொன்னாள். அவளை நான் மேடம் என்று கூப்பிட வேண்டும். நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது. அதற்குப் பதில் ஒரு பழைய பஸ் கிடைத்தால் அதிலேயே நாற்காலியைப் போட்டு, பல் டாக்டர் இல்லாத ஊர்களுக்கு நானே போய்விடுவேன் என்று அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் சொல்லிவைத்தேன்.

அத்தானிடம் அப்படி ஒரு பஸ் இருந்தது. ஏதோ ஒரு பள்ளிக்கூடம் கழித்துப் போட்ட டீசல் வண்டி. கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் டயர் இறங்கி நின்றுகொண்டிருந்தது. சீட்டுகளைப் பிடுங்கிவிட்டு அதிலும் கோழி விடுவதாக உத்தேசம்.

"பஸ்ஸை நீயே வச்சுக்க" என்றார் அத்தான், வலது பக்கமாக மென்றபடி. "ஆனா எந்த மெக்கானிக்கும் அதுல கை வைக்கக் கூடாது. நீயே சரிபண்ணு, நீயே ஓட்டு, உன் கிளினிக்லேருந்து பாலத்தைத் தாண்டி என் வீட்டு வாசல்ல கொண்டுவந்து நிறுத்து. வழியில நின்னுபோய் நான் கயிறு கட்டி இழுக்க வேண்டி வந்துச்சுன்னா, பஸ் கோழிக்கு."

"சரி. வந்து சேர்ந்துட்டேன்னா அந்த பஸ்ல முதல் பேஷன்ட் நீங்க."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். அவர் பதில் சொல்வதற்குள் அக்கா, அவர் சம்மதித்துவிட்டதாக அறிவித்துவிட்டாள்.

மறுநாளே பஸ்ஸை இழுத்துவந்து என் கிளினிக்கின் பின்பக்கக் காலியிடத்தில் போட்டுவிட்டுப் போனார். பெரிய வண்டி ஓட்டும் லைசென்ஸை எப்படியோ வாங்கிவிட்டேன். டெஸ்ட் எடுத்த அதிகாரி ஒவ்வொரு திருப்பத்திலும் கண்ணை மூடிக்கொண்டதையும், பாஸ் போட்ட கையோடு தண்ணீர் கேட்டதையும் இங்கே விரித்துச் சொல்லப் போவதில்லை.

எனக்குத் துணை என் கம்பவுண்டர் மட்டும்தான். என்னைவிட மூத்தவர், அதிகம் பேசாதவர். ஏறி உட்கார்ந்தால் முனகுகிறது, கதவைத் திறந்தால் அலுத்துக்கொள்கிறது என்று பஸ்ஸுக்குப் பெரியம்மா என்று பெயர் வைத்தவர் அவர்தான். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து நாங்கள் இருவரும் பெரியம்மாவுக்கு வைத்தியம் ஆரம்பித்தோம். கையுறை, முகமூடி எல்லாம் போட்டுக்கொண்டுதான். பழைய எஞ்சின் ஆயிலை வடிக்க கிளினிக் பேசினை வைத்தோம். அது நிரம்பி, அடுத்து வாளி நிரம்பி, கடைசியில் என் செருப்பும் நிரம்பியது. பம்புக்குப் பின்னால் ஒளிந்திருந்த திருகுகளை வாய்க்குள் விட்டுப் பார்க்கும் குட்டிக் கண்ணாடியால் கண்டுபிடித்தேன். பேட்டரி மாற்றினோம், ஃபில்டர்கள் மாற்றினோம், கிரீஸ் வைக்க வேண்டிய இடத்திலும் வைக்க வேண்டாத இடத்திலும் கிரீஸ் வைத்தோம்.

ஒரு காலையில் எஞ்சின் இருமி, கரும்புகை கக்கி, ஓட ஆரம்பித்தது. என் முதல் நோயாளி வலி நின்றுவிட்டது என்று சொன்ன நாளில்கூட நான் அவ்வளவு சந்தோஷப்படவில்லை. நிறைய நேரம் ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு சாவியைத் திருப்பி எடுத்தேன். எஞ்சின் நிற்கவில்லை. சாவி என் கையில் இருக்கிறது, பெரியம்மா பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறாள். மறுபடி போட்டுத் திருப்பினேன், எடுத்தேன். நின்றபாடில்லை. சாவியைக் கழுவிப் பார்க்கலாமா என்று கம்பவுண்டர் மெதுவாகக் கேட்டார்.

வேடிக்கை பார்க்க வந்திருந்த அத்தான் மதில்மேல் உட்கார்ந்து வறுத்த கடலை தின்றுகொண்டிருந்தார். பொட்டலம் தீரும்வரை அசையவில்லை. தீர்ந்ததும் இறங்கி வந்து, டிரைவர் சீட்டுக்கு அருகில் இருந்த ஒரு கறுப்புக் குமிழை இழுத்தார். எஞ்சின் அடங்கியது.

"பழைய டீசல் வண்டி. சாவி ஸ்டார்ட் பண்றதுக்குத்தான். நிறுத்தணும்னா இதை இழுத்து டீசலை அடைக்கணும்."

"முதல்லயே சொல்லியிருக்கலாமே அத்தான்?"

"நீ கேக்கலையே."

அன்றிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்தேன். டீசல் வண்டியின் குணம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. பெட்ரோல் வண்டியைப் போல அதற்குத் தீப்பொறி வேண்டாம். டீசல் இடைவிடாமல் வந்தால் போதும். வரும் வழியில் காற்றுக் குமிழ் புகுந்துவிட்டால் மட்டும் முரண்டு பிடித்து நின்றுவிடும். அப்போது ஃபில்டர் மேலிருக்கும் திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அமுக்கி அமுக்கி, நுரை நின்று சுத்தமான டீசல் வரும்வரை காற்றை வெளியேற்ற வேண்டும். இதை நான் நன்றாகவே கற்றுக்கொண்டேன். தேவைக்கு மேலாகவே பழகப் போகிறேன் என்று அப்போது தெரியாது.

டேங்கின் அடியிலிருந்த திருகைத் திறந்தபோது டீசலோடு ஒரு டம்ளர் தண்ணீரும் வந்தது. தண்ணீர் எப்படி உள்ளே போயிருக்கும் என்று தேடினேன். டேங்க் மூடியைத் துரு போகத் தேய்த்தபோது அகப்பட்டது: மூடியின் நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. மழைத் தண்ணீர் இதன் வழியாகத்தான் இறங்கியிருக்கும். இத்தனை வருடம் ஓட்டைகளைப் பார்த்தே சோறு தின்கிறவளுக்கு ஓர் ஓட்டையைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா? சுற்றிலும் சுத்தம் செய்து, காயவைத்து, பல்லுக்குப் போடுகிற அதே பூச்சை வைத்து அடைத்து, நீல விளக்கைக் காட்டி இறுக வைத்து, மேலே பாலிஷும் போட்டேன். தடவிப் பார்த்தால் ஓட்டை இருந்த இடமே தெரியவில்லை. கம்பவுண்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அந்த வாரம் அத்தான் வந்தபோது டீசல் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க மூடியைக் கழற்றினார். வெளிச்சத்தில் பிடித்து உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தார். நன்றாகச் சுத்தமாக வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டு, மூடியைத் தன் கையாலேயே இறுக்கித் திருகிவிட்டுப் போனார். அவர் வாயிலிருந்து பாராட்டு வந்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

அதன்பின் பிடித்தது சனியன். தெரு முனைவரை போய்த் திரும்பினால் ஒன்றும் இல்லை. கொஞ்ச தூரம் போனால் பெரியம்மா மூச்சு வாங்குவாள், திணறுவாள், நின்றுவிடுவாள். கம்பவுண்டர் இறங்கிப் போய் டேங்கைத் திறந்து, குச்சி விட்டுப் பார்த்து, டீசல் இருக்கிறது என்பார். நான் திருகைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றுவேன். வண்டி கிளம்பும். இன்னும் கொஞ்ச தூரம் போனதும் அதே கதை. எங்கோ காற்று உள்ளே புகுகிறது என்று முடிவு கட்டி, ரப்பர் குழாய்களை எல்லாம் மாற்றினேன், வாஷர்களை மாற்றினேன். டேங்க் மூடி கொஞ்சம் பிடிவாதமாக இருக்கிறது என்று கம்பவுண்டர் ஒரு தடவை சொன்னார். கிரீஸ் தடவச் சொல்லிவிட்டு நான் மறுபடி பம்புக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

திங்கட்கிழமை கட்டிடம் இடிபடும். அதனால் சனிக்கிழமையே என் நாற்காலி, விளக்கு, கருவிகள் எல்லாவற்றையும் பஸ்ஸுக்குள் ஏற்றிப் பொருத்திவிட்டோம். இனி எனக்கு வேறு கிளினிக் கிடையாது. பஸ் போய்ச் சேராவிட்டால் நாற்காலியைக் கோழிகளிடம் விட்டுவிட்டு, மேடம் என்று சொல்லிப் பழக வேண்டியதுதான். பயமாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, எதற்கும் இருக்கட்டும் என்று டேங்க் வழிய வழிய டீசல் நிரப்பிக்கொண்டு கிளம்பினேன். பின்னால் அத்தான் தன் லாரியில் வந்தார். பக்கத்தில் அக்கா. எனக்கு வழி நெடுகத் தெரியட்டும் என்று இழுக்கும் கயிற்றை முன்கண்ணாடிக்குக் கீழே மாலை மாதிரி தொங்கவிட்டிருந்தார். கடைத்தெருவைத் தாண்டினேன், மைதானத்தைத் தாண்டினேன். பாலத்தின் ஏற்றத்தில் பாதிகூட ஏறவில்லை, பெரியம்மா திணறி நின்றுவிட்டாள்.

ஹேண்ட்பிரேக்கைப் போட்டேன். கம்பவுண்டர் சக்கரத்துக்குப் பின்னால் கல் வைத்தார். அத்தான் ஹாரன் அடித்துக்கொண்டே என்னைத் தாண்டிப் போய், முன்னால் லாரியை நிறுத்திவிட்டு, கயிற்றோடு இறங்கினார்.

"கட்டலாமா?"

"இருங்க அத்தான். இன்னும் முயற்சியே பண்ணல."

"பண்ணு பண்ணு. கோழிக்கு ஒண்ணும் அவசரமில்ல."

திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அமுக்கினேன். நுரைகூட வரவில்லை, பம்பு இரும்பாக இறுகிக் கிடந்தது. மறுபடி அமுக்கினேன், கை வலித்ததுதான் மிச்சம். அந்தப் பக்கம் கம்பவுண்டர் டேங்க் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இன்று சுத்தமாகத் திறக்க மறுக்கிறது என்று கூப்பிட்டார். எழுந்து போனேன்.

டேங்கைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். அதன் பக்கங்கள் இரண்டும் பல் இல்லாத கன்னம் போல உள்வாங்கியிருந்தன. நானும் அவரும் சேர்ந்து மூடியைத் திருகினோம். அது ஒரு நெளி நெளிந்து, ஸ்ஸ்ஸ் என்று நீளமாகக் காற்றை உறிஞ்சியது. டப்பென்று கன்னங்கள் வெளியே வந்தன. மேல் வரிசைப் பல் செட்டைக் கழற்றும்போது அண்ணத்திலிருந்து வருமே, அதே சத்தம். காற்று போக வழியில்லாமல் ஒட்டிக்கொண்டால்தான் செட் நிற்கும். இதை நான் வாரத்துக்கு நாலு பேருக்கு விளக்குகிறவள்.

மூடியைத் திருப்பிப் பார்த்தேன். என் அடைப்பு பளபளவென்று என்னைப் பார்த்துச் சிரித்தது. அந்த ஓட்டை சொத்தை இல்லை, பெரியம்மாவின் மூக்கு. டீசல் குறையக் குறைய உள்ளே காற்று போக அது ஒன்றுதான் வழி. அதை நான் பாலிஷ் போட்டு அடைத்து வைத்திருக்கிறேன். இத்தனை நாளும் கம்பவுண்டர் டீசல் பார்க்கத் திறந்த ஒவ்வொரு தடவையும் அவள் ஒரு மூச்சு விட்டுப் பிழைத்திருக்கிறாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, மானமும் போனது. போன மானம் அத்தானுக்குத் தெரியாமல் போகட்டும் என்று மூடியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு பஸ்ஸுக்குள் ஏறிக் கதவைச் சாத்தினேன்.

என் பேட்டரி டிரில்லில் மிக மெல்லிய முனையை மாட்டி, நான் போட்ட அடைப்பை நானே தோண்டினேன். சும்மா சொல்லக் கூடாது, கெட்டியாகத்தான் போட்டிருந்தேன். டிரில்லின் கிரீச்சல் வெளியே கேட்டிருக்கிறது. ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அத்தான் இடது கன்னத்தை ஒரு கையால் பொத்திக்கொண்டு, கயிறும் கையுமாக நான்கடி தள்ளிப் போய் நின்றிருந்தார்.

மூடியைப் போட்டேன், காற்றை வெளியேற்றினேன். நுரை வந்தது, பிறகு சுத்தமான டீசல் வந்தது. பெரியம்மா ஒரே திருப்பில் எழுந்தாள். கம்பவுண்டர் கல்லை எடுத்துக்கொண்டு ஓடிவந்து ஏறினார். லாரிக்குப் பக்கத்தில் போனதும் அக்கா கை காட்டி நிறுத்தி, கணவரை அம்போவென்று விட்டுவிட்டு பஸ்ஸில் ஏறிக்கொண்டாள். அத்தான் கயிற்றைச் சுருட்டியபடி பாலத்தில் நின்றதைக் கண்ணாடியில் பார்த்தேன். பெரியம்மா அதன்பின் எங்கேயும் நிற்கவில்லை. அத்தான் வீட்டு வாசலில் நிறுத்தி, கறுப்புக் குமிழை இழுத்தேன்.

பின்னாலேயே லாரியில் வந்து இறங்கிய அத்தானை அக்கா விடவில்லை. வண்டியின் காகிதங்களை என் கையில் கொடுக்க வைத்து, அந்தக் கையோடு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டாள். நான் கையுறை மாட்டிக்கொண்டேன். பாலத்தில் என்ன கோளாறு என்று அவர் கேட்டார். குழாயில் கொஞ்சம் காற்று என்று பட்டும் படாமலும் சொல்லி வைத்தேன்.

அத்தான் கூரையைப் பார்த்தபடி சிரித்தார்.

"அந்த மூடியை நான் அப்பவே பார்த்தேன். மூச்சு ஓட்டையை எவ்வளவு அழகா அடைச்சிருந்த. இவ்வளவு நல்லா அடைக்கிறவகிட்ட என் பல்லையும் ஒரு நாள் காட்டிடலாம்னு நினைச்சேன்."

நான் மாற்றிய குழாய்கள், அமுக்கி அமுக்கிக் காய்த்துப்போன கை, நேற்று ராத்திரி பயந்த பயம் எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல அத்தான்?"

"நீ கேக்கலையே."

விளக்கை அவர் முகத்துக்கு இறக்கினேன். கம்பவுண்டர் நான் கேட்காமலேயே ஊசியை நீட்டினார். நாற்காலியில் உட்காரும் குழந்தைகள் முதல் கிழவர்கள் வரை எல்லோருக்கும் "வலிக்காது" என்று சொல்லிவிட்டுத்தான் நான் கையை வைப்பேன்.

"வாயைத் திறங்க" என்றேன். அத்தான் திறந்தார்; நான் அடுத்துச் சொல்லப்போவதற்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். நான் சொல்லவில்லை.