நெடுஞ்செழியன் வீட்டு ஜன்னலில் கும்பிடுபூச்சி

1

வீட்டு விவகாரத்தை வெளியே எழுதுவது எங்கள் குடும்ப வழக்கமல்ல. அபிராமபுரத்தில் ஒரு மாமனார் மருமகளிடம் பேசுவதில்லை. அதை எழுத உட்கார்ந்தேன். கௌரவம் கையைப் பிடித்தது. ஆகவே அந்த வீட்டு ஜன்னலில் ஒரு ராட்சதக் கும்பிடுபூச்சியை விட்டிருக்கிறேன். பூச்சி இருந்தால் உண்மைக் கதை என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

2

அடையாற்றின் கரிய நீரைக் கிழித்துக்கொண்டு அது எழு—

(அடித்துவிட்டேன். ஆரவாரம் எனக்கு ஆகாது.)

இந்தச் சென்னையில் இரண்டு மாடி உயரப் பூச்சிகள் ஆற்றிலிருந்து வந்து ஆளைப் பிடித்துத் தின்கின்றன. அவற்றுக்குக் காது கேட்காது. அசைவது மட்டுமே கண்ணில் படும். ஒன்று தலைகாட்டினால் தேனாம்பேட்டை சிக்னலே மூச்சடக்கி நிற்கும்.

3

நெடுஞ்செழியன் ஓய்வுபெற்ற அதிகாரி. மகன் புகழேந்தி, ஆற்றோரக் குடியிருப்பில் பிறந்த கயலைத் தன் இஷ்டப்படி கட்டிக்கொண்டான். அன்று முதல் மருமகளுடன் பேச்செல்லாம் மகன் வழியாகத்தான்.

"புகழு, ரசத்துல உப்பு இல்லேன்னு சொல்லு."

"ஏங்க, உப்பு டப்பா அவர் கையாண்டதான் கீதுன்னு சொல்லுங்க."

"நான் இன்னா, இந்த வீட்டுத் தபால்காரனா?"

(மகன் வாயில் வந்த 'இன்னா'வை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். நெடுஞ்செழியனும் முறைத்துப் பார்த்தார். இருவரும் விட்டுவிட்டோம்.)

ஆனால் அவர் கூடத்துக்குள் வந்தால் கயல் எழுந்து நிற்பாள். ஒருநாளும் தவறியதில்லை. அதில் குறை காண அவரால் முடியவில்லை. என்னாலும்தான்.

4

புகழேந்தி வேளச்சேரிக்கு வேலைக்குப் போயிருக்கும் பிற்பகல். கயல் நாற்காலியில் கண்ணயர்ந்திருக்கிறாள். அவர் இருமிக்கொண்டே கூடத்தில் காலெடுத்து வைக்கிறார். அவள் முதுகுக்குப் பின்னால், ஜன்னலை அடைத்துக்கொண்டு, முக்கோணத் தலை ஒன்று இறங்குகிறது. அவர் அப்படியே நின்றுவிடுகிறார்.

கயல் கண் திறக்கிறாள். யார் இருமியது என்று அவளுக்குத் தெரியும்.

5

முதல் முடிவு: அவர் கையை வீசுகிறார். பூச்சி அவரைக் கொண்டுபோகிறது. கௌரவமான முடிவு. எழுதிப் பார்த்துக் கிழித்துவிட்டேன். அவளிடம் பேசுவதைவிடச் சாவது அவருக்குச் சுலபம்.

இரண்டாவது: "எழுந்திருக்காதே" என்கிறார். யாரிடம் சொல்வதாகச் சொல்வார்? புகழேந்தி இல்லை. அவளைக் கூப்பிட ஒரு சொல் வேண்டும். பெயரா? அம்மாவா? அந்தச் சொல்லை அவர் வாயில் திணிக்க எனக்கு உரிமையில்லை. அது அந்தக் குடும்பத்து விஷயம்.

உங்களுக்கு அந்தத் தயக்கம் வேண்டாம். நீங்கள் அசலார். என்ன சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று அவருக்கு எடுத்துக்கொடுங்கள். சீக்கிரம். கயல் எழுந்திருக்கப் போகிறாள்.