ஒற்றைக்காது கிளெமின் வாரிசுகள்

கிறிஸ்டி அண்ணனின் கொட்டகைக்கு நெருப்பு வைத்தது நான்தான். வேண்டுமென்று வைக்கவில்லை. வேண்டுமென்று ஒரு காரியத்தை உருப்படியாகச் செய்யும் திறமை என் வம்சத்தில் கிளெமோடு முடிந்துவிட்டது.

நாங்கள் குரோசர்கள். நானூறு வருஷத்துக்கு முன்பு, ஸ்காட்லாந்து ராஜாவின் சட்டமும் இங்கிலாந்து ராணியின் சட்டமும் எட்டாத இந்த லிடல் பள்ளத்தாக்கில், ராத்திரியில் குதிரையேறிப் போய் அடுத்தவன் மாட்டை ஓட்டிவந்து பிழைத்த கூட்டம். அதற்காக எங்கள் பாட்டன்களைத் தூக்கில் போட்டார்கள். இப்போது அதே காரணத்துக்காக அவர்களின் பேரப்பிள்ளைகள் கனடாவிலிருந்து விமானமேறி வந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

குரோசர் குடும்பச் சங்கத்துக்குச் செயலாளர் நான். மற்ற நாட்களில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். கேட்டவர்களுக்கெல்லாம் வம்சாவளி தேடிக் கொடுத்திருக்கிறேன். ஒருவர்கூட, "என் பாட்டன் மாட்டைப் பறிகொடுத்தவனா பாருங்கள்" என்று கேட்டதில்லை. எல்லோருக்கும் திருடன்தான் வேண்டும். ஓஹையோவிலிருந்து வந்த பல் டாக்டர் டுவெய்னிடம், நீங்கள் ஒற்றைக்காது கிளெமின் நேர் வாரிசு என்றேன். மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதார். கிளெம் தேவாலயக் கூரையின் ஈயத் தகட்டை உரித்து விற்றவன். மாட்டிக்கொண்டதும் தம்பியைக் காட்டிக்கொடுத்துத் தப்பியவன். டாக்டர் அவன் முகத்தைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார். முகம் யாருக்குத் தெரியும்? நான்தான் வரைந்தேன். கொஞ்சம் என் ஜாடை.

ஆகஸ்டில் நடக்கும் எங்கள் கூட்டத்தில் முக்கியமான காட்சி 'துரத்தல்'. அந்தக் காலத்தில் மாட்டைப் பறிகொடுத்தவன், ஈட்டி முனையில், காய்ந்தால் விறகுபோல் புகையும் சதுப்பு மண்கட்டியைக் குத்திக்கொண்டு, கொம்பு ஊதி, நாயோடு எல்லை தாண்டித் துரத்தலாம். அது சட்டம் கொடுத்த உரிமை. வழியில் பார்த்தவன் கூடவே வந்தாக வேண்டும். வராதவன் திருடனுக்குக் கூட்டாளி. ஆக, திருடியவர்களின் பேரன்கள் வருஷத்துக்கொரு முறை பறிகொடுத்தவர்களின் வேஷம் போட்டுக்கொண்டு ஊர்வலம் போகிறோம். இதில் இருக்கும் அசிங்கம் யாருக்கும் உறைத்ததாகத் தெரியவில்லை. எனக்கும்தான்.

கூட்டம் நடப்பது அண்ணனின் வயலில். கிறிஸ்டி என் பெரியப்பா மகன், சங்கத் தலைவர், பண்ணைக்காரர். ஆறடி நாலங்குலம், நரைத்த தாடி. ஊர்வலம் மேற்கே போய், இடிந்த கோட்டையைச் சுற்றி வரவேண்டும் என்று வழி வகுத்தவரும் அவர்தான். தொழுவத்துப் பக்கம் யாரும் போகக்கூடாது, கடைசிக் கொட்டகையில் முரட்டுக் காளை நிற்கிறது என்று பலகையே வைத்திருந்தார்.

ஈட்டி இந்த முறை என் கையில். சதுப்பில் வெட்டிய மண்கட்டி லேசில் எரியாது, சோம்பேறித்தனமாகப் புகையும். வெளிநாட்டு உறவினர்கள் முன்னால் மானம் போகிறதே என்று அதன்மேல் கொஞ்சம் டீசல் ஊற்றினேன். 'கொஞ்சம்' என்பது என் கணக்கு. குப்பென்று எரிந்ததைக் கண்டு நான் ஏறியிருந்த மட்டக்குதிரை மிரண்டது. மேற்கும் கோட்டையும் அதற்கு என்ன தெரியும்? தீனி வைக்கிற இடத்தைப் பார்த்து ஓடியது. கடைசிக் கொட்டகைச் சுவரில் ஈட்டி இடித்து, கட்டி வைக்கோல் உருளையில் விழுந்தது.

"காளை! காளையைக் காப்பாத்துங்க!" என்று நாலைந்து பேர் ஓடிவந்து கதவுத் தாழ்ப்பாளை உடைத்தார்கள். "திறக்காதீங்கடா!" என்று பின்னாலிருந்து அண்ணன் கத்தினார். காளை வரவில்லை. செம்மறிகள் வந்தன. நாற்பதுக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றின் தோளிலும் புதிதாகத் தீட்டிய கறுப்புப் பட்டை. பட்டைக்கு அடியில் சிவப்பு எட்டிப் பார்த்தது.

கூட்டம் கைதட்டியது. காட்சியில் இதுவும் சேர்த்தி என்று நினைத்துவிட்டார்கள். "நானூறு வருஷமா மாறவே இல்ல பாருங்க!" என்று பல் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நெருப்பை அணைத்தது நெட்டா லெய்ட்லா. தேநீர்க் கடையிலிருந்து பெரிய கொதிகலனைத் தள்ளுவண்டியோடு இழுத்துவந்து, கொதிக்கக் கொதிக்கக் கவிழ்த்துவிட்டாள். லெய்ட்லா என்பது எங்கள் கொள்ளைக்காரப் பெயர்களின் வரிசையில் இல்லை. அதனால் அவளுக்குக் கூட்டத்தில் மேடை கிடையாது, தேநீர்தான். பக்கத்து மலையில் தனியாகப் பண்ணை நடத்துகிறாள். போன மாதம், அவளுடையவை என்று தோளில் சிவப்புப் பட்டை தீட்டிய ஆடுகள் காணாமல் போயின. அதே மலையில் பிறந்து, வேலியில்லாமலே தங்கள் எல்லை தெரிந்து மேயும் ஆடுகள். சந்தையில் வேறு வாங்கிவந்து விட்டால் அவை மலை தாண்டிப் போய்விடும். நவம்பரில் குத்தகை முடிகிறது. ஆடில்லாத மலையை மறுபடி தரமாட்டேன், மரம் நட்டுவிடுவேன் என்று நிலக்காரர் சொல்லிவிட்டார். அவளோடு மலை மலையாகத் தேடியவர் கிறிஸ்டி அண்ணன். போலீஸ்காரரைத் தன் ஜீப்பில் ஏற்றிச் சுற்றிக் காட்டியவரும் அவர்தான்.

நெட்டாக்கா ஒரு ஆட்டின் கறுப்புப் பட்டையைக் கட்டைவிரலால் தேய்த்தாள். காதைப் பிடித்துப் பார்த்தாள். சொந்தக்காரரின் எண் போட்ட பழைய அட்டையை அறுத்துவிட்டுப் புதிது குத்தியிருந்தது.

"போலீசுக்குச் சொல்லியாச்சு. டவுன்லேர்ந்து வந்து சேர நேரமாகும்," என்றாள் என்னிடம். "சந்தையில எவன்கிட்டயோ வாங்கினேன்னு உங்க அண்ணன் சொன்னா, கேஸ் முடியற வரைக்கும் ஆடு யாருக்கும் கிடையாது. அதுக்குள்ள என் மலையில மரம் முளைச்சிடும். அவன் வாயால உண்மையைச் சொன்னா, இன்னைக்கே ஓட்டிட்டுப் போவேன். நீ போய்க் கேளு சிம்."

"நானா அக்கா?"

"நீதானே அந்த வம்சத்துக்கே கதை எழுதறவன்."

அண்ணன் தொழுவத்தின் பின்னால், கரிந்த வைக்கோலைக் காலால் கிளறிக்கொண்டு நின்றார்.

"அண்ணே, அது நெட்டாக்கா ஆடா?"

"ஆட்டுக்குக் காலு இருக்குடா. தானா வந்து நுழைஞ்சிருக்கும்."

"தாழ்ப்பாளையும் தானா போட்டுக்கிச்சா?"

"டேய், டீசல் ஊத்தி என் கொட்டகையைக் கொளுத்தின நீ என்னை விசாரிக்கறியா?"

"ஊத்தினேன். நான்தான் ஊத்தினேன். நீங்க எடுத்தீங்களா?"

"நம்ம ரத்தம் என்ன ரத்தம்? நீ எழுதினதுதானே. எல்லையில பொறந்தவனுக்கு ராஜாவும் கிடையாது, சட்டமும் கிடையாதுன்னு."

"அது நுழைவுச் சீட்டு விக்க எழுதினதுண்ணே."

இதற்குள் டுவெய்ன் வந்துவிட்டார், செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி. "தலைவரே, கிளெம் மாதிரியே நிக்கறீங்க! ஒரே ஒரு படம்."

"டாக்டர், உங்க காரை யாராவது ஓட்டிட்டுப் போனா அவனையும் படம் எடுப்பீங்களா?" என்றேன்.

அவர் பையைத் தடவிச் சாவியைப் பார்த்துக்கொண்டார். பிறகு காரையே பார்க்கப் போய்விட்டார்.

அண்ணன் சிரித்தார். எனக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது சிரித்த அதே சிரிப்பு. 'இல்லைடா' என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், கறுப்புப் பட்டையையும் காது அட்டையையும் தாழ்ப்பாளையும் மறந்துவிட்டு நம்பியிருப்பேன். அப்படிப்பட்ட ஆள் நான். நம்புவதற்கு ஏதாவது கொடுங்களேன் என்றுதான் நின்றிருந்தேன்.

"பசிக்குப் போனாங்கடா நம்ம ஆளுங்க," என்றார். "வீரத்துக்குப் போனாங்க. பழி வாங்கப் போனாங்க."

"அவங்க போகட்டும். அவங்களுக்கெல்லாம் நான் சொந்தமா ஒரு காரணம் எழுதிக் கொடுத்துட்டேன். உங்களுக்கு எழுத வரல. நெட்டாக்கா அங்க காத்துட்டிருக்கா. எடுத்தீங்களா? அவளோடதைப் போய் ஏண்ணே?"

கீழே சாலையில் போலீஸ் கார் பாலத்தில் ஏறுவது தெரிந்தது. அண்ணன் அதையும் பார்த்தார், தேநீரில் நனைந்த ஏப்ரனோடு ஆடுகளின் நடுவே நின்ற நெட்டாவையும் பார்த்தார்.

"எடுத்தேன்," என்றார். "வேற எவனோடதை எடுத்தாலும் நாலு பேர் சேர்ந்து துப்பாக்கியோட தேடுவாங்க. அவளோடதை எடுத்தா, கூட வந்து தேடுன்னு என்னைத்தானே கூப்பிடுவா."