ஏழு அரிசி

என் அண்ணன் பெண்டாட்டி பஸ்கோலாவைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வராது என்று ஊரில் பந்தயமே கட்டுவார்கள். இன்றைக்கு அவர்கள் தோற்கட்டும்.

பழைய சேலையை விரித்து அதன் ஒரு மூலையில் உட்காருவாள். பென்சில் கிடையாது, டேப் கிடையாது. கிழிந்த சட்டை, பள்ளிக்கூடப் பாவாடை, யாரோ கழித்துப் போட்ட ஜன்னல் திரை, எது கைக்கு வருகிறதோ அதன் ஓரத்தை மடித்து வைத்து ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டே, சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவாள். கவந்தியை, இந்த ஒட்டுத்துணிப் போர்வையை, நாங்கள் எல்லோருமே அப்படித்தான் தைக்கிறோம். ஆனால் நான் நடுவுக்கு வருவதற்குள் நாலு இடத்தில் நூல் இழுத்துக்கொண்டு துணி முகத்தைச் சுளிக்கும். அவள் தையலில் முதல் புள்ளிக்கும் கடைசிப் புள்ளிக்கும் ஒரு நூல் வித்தியாசம் இருக்காது. பழுத்த மஞ்சளுக்குப் பக்கத்தில் கத்தரிப்பூ நிறத்தை வைப்பாள். பைத்தியமா இவளுக்கு என்று தோன்றும். முடித்து மூங்கில் வேலியில் காயப்போட்டால், எல்லாப்பூர் போகிற ஜீப் நின்று பார்த்துவிட்டுத்தான் போகும். பத்தொன்பது வருஷமாகப் பார்க்கிறேன். பத்தொன்பது வருஷமாக வயிறு எரிகிறது.

அவளும் என்னை ஒருநாள்கூடப் புகழ்ந்ததில்லை. நான் ஒரு கவந்தியை முடித்துக் கொண்டுபோய் விரித்தால், குனிந்து பார்த்துவிட்டு, "பரவால்ல நத்தாலி, இருட்டுல போத்திக்கிட்டா தெரியாது" என்பாள்.

இப்படி இருக்கும்போதுதான் தார்வாட் கண்காட்சி வந்தது. எங்கள் காட்டுப் பக்கத்து ஊர்களிலிருந்து நாற்பது கவந்திகள். முதலிடம் வாங்குகிறவளைக் கல்கத்தாவுக்கு அனுப்புவார்களாம். அங்கே கந்தா என்கிற அவர்கள் ஊர்ப் போர்வையைத் தைக்கிற பெண்களோடு பத்து நாள் உட்கார்ந்து தைக்கலாம்.

அந்தக் கந்தாவின் படம் ஒன்று அவள் மகன் போனில் வந்ததிலிருந்து பஸ்கோலாவுக்குத் தூக்கம் போய்விட்டது. இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பாள். "இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மாதிரி எப்படிடி வர வெக்கிறாளுங்க? பக்கத்துல உக்காந்து பாத்தாத்தான் புரியும்" என்பாள். சோறு வைக்கும்போதும் அதே பேச்சு. எனக்கும் கல்கத்தா வேண்டும்தான். எனக்குத் தையல் ஒரு சாக்கு, ரயில்தான் ஆசை. ஹூப்ளியைத் தாண்டி நான் எங்கேயும் போனதில்லை.

திறப்பு விழா அன்று காலையில் போய் இறங்கினோம். உள்ளே நுழைந்தோம். சுவர் முழுக்க எங்கள் துணி. நடுச்சுவரில் பஸ்கோலாவின் கவந்தி, நாலு மூலையிலும் பூ வைத்து, மேலே விளக்கு போட்டு. வீட்டில் அதன் மேல் கோழி நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். இப்போது கும்பிடலாம் போல இருந்தது. பெருமையாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. என்னுடையது பக்கத்திலேயே தொங்கியது.

கண்காட்சியை நடத்துகிற விபா மேடம் வெள்ளைக் கையுறையோடு ஓடிவந்தார். பெங்களூர்க்காரர், நல்ல பெண். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "சாயங்காலம்தான் அறிவிப்பாங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க. பஸ்கோலாக்கா, நீங்கதான் முதல். நத்தாலிக்கா ரெண்டாவது."

பஸ்கோலா என் கையைப் பிடித்து நசுக்கினாள். அந்த நிமிஷம் அவளுக்காக எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

"அப்புறம் இது உங்களுது" என்று மேடம் ஒரு சின்ன பிளாஸ்டிக் கவரை நீட்டினார். உள்ளே ஏழு அரிசி. கவர் மேல் நம்பர் எழுதி ஒட்டியிருந்தது. "நடுவுல உள்ள இருந்துச்சுக்கா. எப்படியோ போயிருக்கு. வண்டு வந்தா மத்ததும் கெட்டுரும்னு தையலைப் பிரிச்சு எடுத்துட்டோம். முப்பத்தெட்டுல இருந்துச்சு, எல்லாத்துலயும் எடுத்தாச்சு."

எப்படியோ போயிருக்காம். நடுவில் கடைசித் துண்டை மூடுவதற்கு முன் கொஞ்சம் அரிசியைப் போடுவதுதான் எங்களுக்குத் தையலே முடிவது. அது கவந்தியின் வயிறு. அது பட்டினி கிடந்தால் போர்த்திக்கொள்கிறவனும் பட்டினி.

பஸ்கோலாவின் முகம் கறுத்தது. அதைப் பார்க்காமல் மேடம் என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "நத்தாலிக்காவோடது ரொம்ப சுத்தம். உள்ள ஒண்ணுமே இல்ல!"

சுற்றி நின்ற எங்கள் பெண்கள் எல்லோரும் திரும்பினார்கள். பஸ்கோலா மெதுவாக என்னைப் பார்த்தாள்.

"அடிப்பாவி. பட்டினியாவா அனுப்புன?"

அவள் முந்தின நாளே முடித்துவிட்டாள் என்று கேள்விப்பட்டு, வீம்புக்கு ஓட்டி ஓட்டித் தைத்தேன். வாசலில் கவந்திகளை ஏற்றிப்போக வந்த ஜீப் ஹாரன் அடித்தது. மூடிவிட்டேன். ஜீப் பாதி வழி போயிருக்கும், அப்போதுதான் ஞாபகம் வந்தது. யாருக்குத் தெரியப்போகிறது என்று இருந்துவிட்டேன். இப்போது மேடம் வாயாலேயே ஊருக்குத் தெரிந்துவிட்டது, அதுவும் பாராட்டாக.

பஸ்கோலா சட்டைக் கழுத்தில் குத்தியிருந்த ஊசியை எடுத்தாள். மேடம் பதறிவிட்டார்.

"அக்கா, வேணாம்! மாட்டினதுக்கு அப்புறம் ஊசி பட்டா போட்டியில கிடையாது, அது எங்க கையில இல்ல. கண்காட்சி பத்து நாள்தானே? முடிஞ்சதும் தெச்சுக்கலாம்."

"உங்களைப் பத்து நாள் சோறில்லாம நிக்க வெச்சா நிப்பீங்களா மேடம்?"

"மதினி, கல்கத்தா!" என்றேன் நான்.

"தெரியும்." ஊசியில் நூலைக் கோத்தாள். "தெரியும்டி."

நாற்காலி போட்டு ஏறி நின்றாள். கையுறைக்காரர்கள் தைத்து மூடியிருந்த இடத்தை நூலறுத்துத் திறந்தாள். அந்த அவசரத்திலும் அரிசியை எண்ணி நாலு போட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மூடித் தைத்தாள். அப்போதும் அந்தப் பாழாய்ப்போன தையல் ஒரே அளவாகத்தான் விழுந்தது. மேடம் கையுறையைக் கழற்றிவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

இறங்கி வந்து என் முன்னால் கையை நீட்டினாள். உள்ளங்கையில் மூன்று அரிசி.

நான் சும்மா இருந்தால் போதும். அவள் போட்டியில் இல்லை, இனி முதலிடம் நான்தான். அவள் "போடு" என்றுகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன். சுவரைப் பார்த்தேன். விளக்கு வெளிச்சத்தில் என் கவந்தி பளிச்சென்று, வெறும் வயிற்றோடு தொங்கியது. இரண்டு மாதம் மடியில் கிடந்த துணி.

அரிசியை வாங்கிக்கொண்டு நாற்காலியில் ஏறினேன். வீம்பு காட்ட யாரும் இல்லாததால் அவசரப்படாமல், ஒவ்வொரு புள்ளியாகப் போட்டேன்.

எங்களைப் பார்த்து மற்றவர்களும் அரிசியைப் போட்டுத் தைத்துவிட்டதால், கல்கத்தாவுக்கு எங்களோடு வந்த கைரம்பீ போனாள். அவள் அரிசிக்குப் பதில் நொய் போட்டிருந்ததால், அவள் கவந்தி முப்பத்தெட்டோடு சேராமல் தப்பித்துவிட்டது. கையுறை விரலில் நொய் தட்டுப்படவில்லை. அன்று அவள் வாயை இறுக மூடிக்கொண்டு நின்ற அழகைப் பார்க்க வேண்டுமே. பஸ்கோலா அவளை ஓரமாக இழுத்துப்போய், "உள்பக்கம் முடிச்சை எங்க ஒளிக்கிறாளுங்கன்னு பாத்துட்டு வா, சாப்பாட்டைப் பத்தி வந்து பேசாத" என்று பத்துத் தடவை சொல்லி அனுப்பினாள்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று நான் நூலைக் கடித்து அறுத்துவிட்டு இறங்கியதும், பஸ்கோலா என் கவந்தியின் கிட்டப் போய் நடுவில் நான் தைத்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது நேரா இருக்கு" என்றாள்.

பத்தொன்பது வருஷம். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "மத்ததெல்லாம்?" என்று கேட்டேன்.

"மத்ததை இங்க வேணாம். ஊருக்குப் போய்ப் பேசிக்கலாம்."